பாறையேற்றத்துக்கு எடை குறைந்த தலைக்கவசம்: வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை

பெங்களூரு: பெங்களூருவைச் சுற்றியுள்ள ராமநகரம், சாவனதுர்கா ஆகிய கருங்கல் குன்றுகள் பாறையேற்ற ஆர்வலர்களிடையே பெயர் பெற்றவை. கயிறு, இடுப்புப் பட்டை போன்றவற்றுக்குப் பணம் செலவிட்ட பின், தலைக்கு மட்டும் வீட்டில் உள்ள இருசக்கர வாகனத் தலைக்கவசம் போதாதா என்ற கேள்வி புதியவர்களிடம் எழுவது இயல்பு. போதாது என்பதே அதற்கான விடை.

ஆபத்து எங்கிருந்து வருகிறது?

1975-ஆம் ஆண்டு வெளியான 'ஷோலே' திரைப்படத்தின் படப்பிடிப்பு நடைபெற்ற ராமநகரக் குன்றுகள் மிகப் பழமையான கருங்கல்லால் ஆனவை. வெயிலிலும் மழையிலும் இத்தகைய பாறையின் மேற்பரப்பு தகடு தகடாகப் பெயர்வதுண்டு. மேலே ஏறுபவரின் காலோ கயிறோ பட்டு உருளும் சிறு கல், கீழே கயிறு பிடித்து நிற்பவரின் தலையில் விழக்கூடும். ஏறுபவர் தவறி விழும்போது தலை பாறையில் மோதுவது மற்றோர் ஆபத்து. எனவே ஏறுபவர், கீழே நிற்பவர் ஆகிய இருவருக்கும் தலைக்கவசம் அவசியம்.

மற்ற தலைக்கவசங்கள் ஏன் பொருந்தாது?

இருசக்கர வாகனத் தலைக்கவசம் கனமானது. காதுகளை மூடுவதால் துணைவரின் குரல் சரிவரக் கேட்காது. அண்ணாந்து பார்ப்பதும் கடினம். சைக்கிள் தலைக்கவசத்தின் பெரிய காற்றுத் துளைகள் வழியே கூர்மையான கல் உள்ளே புகலாம். கட்டுமானப் பணியிடத் தலைக்கவசத்தின் தாடைப் பட்டையோ, கழுத்து இறுகாமல் இருப்பதற்காக, 15 முதல் 25 கிலோ இழுவிசையில் கழன்றுவிடும் வகையில் அமைக்கப்படுகிறது. பாறையில் இருந்து விழும்போது அது தலையில் நிற்காது.

தரக் குறியீடு

பாறையேற்றத் தலைக்கவசத்துக்கான ஐரோப்பியத் தரம் 'இ.என். 12492' ஆகும். இதன்படி 5 கிலோ எடை 2 மீட்டர் உயரத்தில் இருந்து தலைக்கவசத்தின் மீது போடப்படுகிறது. தலைக்குச் செல்லும் விசை 10 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. சர்வதேச மலையேற்றக் கூட்டமைப்பின் தரமான 'யு.ஐ.ஏ.ஏ. 106' இந்த வரம்பை 8 கிலோநியூட்டனாகக் குறைத்துள்ளது. தாடைப் பட்டை சுமார் 50 கிலோ இழுவிசையைத் தாங்க வேண்டும். இக்குறியீடு உட்புறத்தில் அச்சிடப்பட்டுள்ளதா என்பதை முதலில் பார்க்க வேண்டும்.

எடையும் உழைப்பும்

கெட்டியான ஏ.பி.எஸ். பிளாஸ்டிக் ஓடு கொண்டவை பெரும்பாலும் 300 கிராம் அளவில் இருக்கும். விலை குறைவு, பையில் அடிபட்டாலும் தாங்கும். பெரும்பகுதி நுரையால் ஆனவை 200 கிராம் அளவிலும், சில அதற்குக் குறைவாகவும் கிடைக்கின்றன. கழுத்து வலியின்றி நாள் முழுவதும் அணியலாம் என்பது இவற்றின் சிறப்பு. ஆனால் விலை அதிகம். அழுத்தினால் எளிதில் சேதமடையும். தெர்மாகோல் வகை நுரை ஒருமுறை நசுங்கினால் பழைய நிலைக்குத் திரும்பாது. பாலிபுரொப்பிலீன் நுரை ஓரளவு மீளக்கூடியது.

அணிந்து பார்க்கும் முறை

பட்டையைப் பூட்டாமல் குனிந்து தலையை அசைத்தாலும் கவசம் நழுவக் கூடாது. நெற்றியை அது மறைக்க வேண்டும். பின்புறம் சரிந்து நிற்கக் கூடாது. பக்கவாட்டுப் பட்டைகள் காதுக்குக் கீழே இணைய வேண்டும்.

பலத்த அடி பட்ட தலைக்கவசத்தை, விரிசல் தெரியாவிட்டாலும் மாற்றிவிட வேண்டும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைப்பதும், பெயின்ட் அடிப்பதும் பிளாஸ்டிக்கைப் பலவீனப்படுத்தும். அடிபடாவிட்டாலும் பத்து ஆண்டுகளுக்கு மேல் பயன்படுத்த வேண்டாம் எனப் பல தயாரிப்பு நிறுவனங்கள் வரம்பு விதித்துள்ளன. பழைய தலைக்கவசத்தை வாங்குவோருக்கு அதன் வயதும், அது பட்ட அடியும் தெரிய வாய்ப்பில்லை என்பதால், இந்த ஒரு பொருளையேனும் புதிதாக வாங்குவதே பாதுகாப்பானது.