குளிர்காலமும் கோழி முட்டையும்

மார்கழி பிறந்தால் ஐதராபாத்தில் வாழும் நம்மவர் இல்லங்களில் இரு குறைகள் கேட்கும். விடியற்காலையில் கோலமிடக் கை விறைக்கிறது என்பது ஒன்று. கோழி முட்டையிடவில்லை என்பது மற்றொன்று. முதற்குறைக்கு என்னிடம் மருந்தில்லை. இரண்டாவதற்குச் சிறிது உண்டு, அதுவும் பட்டறிந்ததே.

செகந்திராபாத்தில் எங்கள் ரயில்வே குடியிருப்பின் பின்புறத்தில் ஆறு கோழிகள் வளர்த்து வந்தேன். இராஜேந்திரநகர்க் கோழி ஆராய்ச்சி நிறுவனம் புறக்கடை வளர்ப்புக்கென உருவாக்கிய கிராமபிரியா இனம் அவை. ஐப்பசி வரை நாள்தோறும் நான்கு முட்டைகள் கிடைத்தன. சென்ற மார்கழியில் அது ஒன்றாகக் குறைந்தது. குளிரே காரணமென்றெண்ணி, கூட்டைச் சாக்கினால் இடைவெளியின்றி மூடினேன். பத்தாம் நாள் கோழிகள் மூச்சுத் திணறின, ஒன்று இறந்தது. எஞ்சியவற்றை விற்றுவிடலாம் என்றாள் என் மனைவி.

கால்நடை மருத்துவர் ஒருவர் கூட்டினுள் தலையை நீட்டியதுமே முகஞ்சுளித்து, "குளிரன்று, காற்றின்மையே கொன்றது" என்றார்.

கோழியின் உடல்வெப்பம் ஏறக்குறைய 41 டிகிரி செல்சியஸ். இறகுப் போர்வையுடைய வளர்ந்த கோழி இவ்வூர்க் குளிரைத் தாங்கும். ஆயினும் சூட்டைக் காக்க மிகுதியாகத் தின்னும். தீனி போதாவிடில், முட்டைக்குரிய சத்து சூட்டுக்கே செலவாகிவிடும். மூடிய கூட்டிலோ எச்சத்தின் ஈரம் வெளியேறாது. அதில் எழும் அம்மோனியா வாயு கண்ணையும் மூச்சுக்குழலையும் புண்ணாக்கும்.

வெளிச்சமும் கவனிக்கத்தக்கது. குறைவின்றி முட்டையிட நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேர ஒளி வேண்டும். மார்கழியில் இந்நகரின் பகற்பொழுது 11 மணி நேரமே. லண்டனில் அது 8 மணி நேரமாகச் சுருங்கும். அத்தகைய நாடுகளில் கூட்டில் விளக்கிடுவது நெடுநாளைய வழக்கம்.

ஆகவே அன்பர்கள் செய்யத்தக்கவை இவை: வாடை வீசும் பக்கத்தை மட்டும் இரவில் சாக்கினால் மறைத்து, கூரையடியில் காற்றுவழி விடுக. தரையில் உமியைத் தடிப்பாகப் பரப்பி, நனைந்ததை உடனே அகற்றுக. மாலையில் ஒரு பிடி சோளம் கூட்டியிடுக. விடியுமுன் சிறு மின்விளக்கை ஏற்றி, அந்நேரத்தை வாரந்தோறும் அரைமணியாகக் கூட்டுக; திடீரென நிறுத்தற்க.

இவ்வாறு செய்ததில், தை முடிவதற்குள் எஞ்சிய ஐந்தும் தேறின. மூன்று முட்டைகள் வரலாயின. விற்கும் பேச்சு எங்கள் வீட்டில் இப்போது எழுவதில்லை. ஆறாவது கோழியை மட்டும் என் அறியாமைக்கு விலையாகக் கொடுத்தேன். அவ்விலையை வாசகர் எவரும் மீண்டும் கொடுக்க வேண்டுவதில்லை.