துப்பாக்கிக் குழலும் ஓர் ஆப்பும்

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களில் ஆப்பு என்றால் தெரியாதவர் உண்டா? மண்வெட்டிக் காம்பு ஆடினால் ஒரு சிம்பைச் செருகித் தட்டுவோம். அதுவும் போதாதென்றால் தண்ணீரில் ஊறப்போடுவோம். பழைய துப்பாக்கியின் இரும்புக் குழலை மரக்கட்டையோடு பிடித்து நிறுத்துவதும் ஓர் ஆப்புதான் என்பதை, பத்து வயதில் அதைக் கெடுத்த பிறகே நான் அறிந்தேன்.

எங்கள் பாட்டாவிடம், மலையோர விளையில் பன்றி விரட்ட, லைசென்சுள்ள நாட்டுத் துப்பாக்கி ஒன்று இருந்தது. தீக்கல்லில் பொறி பறக்கும் பழைய வகையல்ல, கேப் வைத்துச் சுடுவது. ஆனால் குழலைக் கட்டையில் இருத்தும் முறை இரண்டுக்கும் ஒன்றே. துடைத்து வைக்கிறேன் என்று நான் ஆப்பைக் கொண்டையுள்ள பக்கமிருந்தே அடித்தேன். ஆப்பு வளைந்தது, ஓரத்து மரம் பெயர்ந்தது. பாட்டா திட்டவில்லை. ஆசாரி வீட்டுக்குக் கூட்டிப்போய் நாள் முழுக்க உட்காரவைத்தார்.

குழலின் அடியில், புறாவால் வடிவப் பள்ளத்தில், காதுபோல ஓர் இரும்புத் துண்டு இறுகியிருக்கும். குழலைக் கட்டையின் சாலில் படியவைத்து, காது வரும் இடத்தை வெளியே குறிக்கவேண்டும். பிறகு இரு பக்கமிருந்தும் நடுவரை வரிசையாகச் சிறு துளைகள். ஒரே பக்கமாகப் போனால் துரப்பணம் விலகி மறுபுறம் வேறிடத்தில் வெளிவரும். துளைகளை மெல்லிய உளியாலும் அரத்தாலும் ஒன்றாக்கினால் சந்து கிடைக்கும். எங்கள் ஆப்பு மூன்று நூல் அகலம், அரை நூல் கனம். மரத்துச் சந்து அதற்குக் கச்சிதமாக இருக்கவேண்டும். காதிலுள்ள சந்தையோ ஆசாரி முன்னும் பின்னும் கொஞ்சம் நீட்டி ராவினார். ஏன் என்று கேட்டேன்.

"லேய் மக்கா, ரெண்டையும் இறுக்கிப் போட்டா கும்ப மாச வெயிலுக்குக் கட்டை வெடிக்கும்லா!"

மரம் அகலத்தில்தான் அதிகம் ஊதும், சுருங்கும்; நீளத்தில் மிகக் குறைவு. ஆனாலும் மூன்றடிக் கட்டையில் அந்தக் குறைவே போதும். சுடும்போது குழலும் சூடேறி நீளும். அதற்கான இடம்தான் அது. பெயர்ந்த ஓரத்தில் ஒரு பித்தளைத் தகடு பதித்தார்.

1741-இல் குளச்சலில் பிடிபட்ட டச்சு அதிகாரி டிலனாய், பிறகு திருவிதாங்கூர்ப் படையைப் பழக்கி, உதயகிரிக் கோட்டையில் ஆயுத வேலை நடத்தி, 1777-இல் அங்கேயே மறைந்தார். நம் நாட்டில் கல்துப்பாக்கி பரவிய காலம் அது. கம்பெனிச் சிப்பாயின் 39 அங்குலக் குழல் மஸ்கெட்டில் ஆப்பு கிடையாது, சிறு ஊசிகள்தான். செலவு குறைவு. ஆனால் கழற்றக் கழற்ற ஊசித்துளை பெருக்கும். 1800-இல் வந்த பேக்கர் ரைபிளில் ஆப்பு வைத்தார்கள். கருமருந்துக் கரி ஈரத்தை இழுத்துக் குழலைத் துருவாக்கும். இடவப்பாதி மழை பெய்யும் நம் ஊரில் கேட்கவே வேண்டாம். ஆப்பைத் தள்ளினால் குழல் கையோடு வரும், கழுவிவிடலாம்.

பாட்டா காலமான பின் துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டோம். வளைந்த அந்தப் பழைய ஆப்பு என் மேசையில் இருக்கிறது, தபால் உறை பிரிக்க.