சத்தி சாலையில் ஒரு பிரயாணம்

கோயமுத்தூரின் கணபதி வழியே செல்லும் சத்தி சாலையை நெரிசலோடு மட்டுமே அறிந்தவர்கள், ஒருநாள் அதிகாலையில் சொந்தக் காரை அதே திசையில் ஓட்டி, அன்னூரையும் புளியம்பட்டியையும் கடந்து செல்வார்களாயின், மழையை நம்பிய செம்மண் பூமி மெல்ல மெல்ல வாழையும் கரும்பும் செழிக்கும் பாசனப் பிரதேசமாக மாறுவதைக் கண்ணாரக் காண்பார்கள். இந்தச் செழிப்புக்குப் பெருங்காரணம், 1955-இல் கட்டி முடிக்கப்பட்ட பவானிசாகர் அணை. அதன் கீழ்பவானி வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர் ஓடி, இரண்டு லட்சம் ஏக்கர் நிலத்துக்கு மேல் நீர் தருகிறது.

இச்சாலைக்குப் பெயர் தந்த சத்தியமங்கலத்தின் விசேஷம் மல்லிகை. மொட்டு மலர்ந்துவிட்டால் விலை போகாது என்பதனால், நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, விடியுமுன்பே தோட்டத்தில் இறங்கிப் பறிக்கும் பெண்களின் உழைப்புதான் நம் ஊர்க் கடைகளில் முழக்கணக்கில் அளக்கப்படுகிறது.

பண்ணாரி அம்மனைத் தரிசித்தபின் திம்பம் மலைப்பாதை தொடங்குகிறது. 27 கொண்டை ஊசி வளைவுகள். ஏறிவரும் வண்டிக்கே முதலுரிமை. மேலே, கன்னடமும் தமிழும் கலந்து ஒலிக்கும் தாளவாடிப் பீடபூமியில் முட்டைக்கோசும் ராகியும் விளைகின்றன. இம்மலைப்பாதை செல்லும் சத்தியமங்கலம் வனம் 2013 முதல் புலிகள் காப்பகம். கரும்பு லாரிகளை எதிர்பார்த்து யானைகள் சாலையோரம் நிற்பதும் உண்டு. ஆகையால், அன்பர்களே, இம்மலைப்பாதையின் இரவுப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டை மதியுங்கள். காட்டுக்குள் வண்டியை நிறுத்தாதீர்கள். குரங்குக்குக்கூடத் தின்பண்டம் எறியாதீர்கள்.