வாங்கிய பொருளும் வாங்காத பொருளும்

விலை கொடுத்துப் பொருள் கொள்ளுதல் உலக வழக்கு. அங்ஙனம் கொண்ட பழம்பொருளினுள், விலை பேசாத அரும்பொருளொன்று கிடைக்குமாயின், அஃது யாருக்குரியது? "விலை கொடுத்தேன், ஆதலின் யாவும் எனதே" என்பான் வாங்கியவன். அக்கூற்று ஏற்புடைத்தா என்பதை ஈண்டு ஆராய்வோம்.

முதற்கண் ஒரு வேறுபாட்டை உணர்தல் வேண்டும். பொருளின் மதிப்பு வேறு. பொருளினுள் இருக்கும் பிறிதொரு பொருள் வேறு. அரிய நூலொன்றை அதன் அருமை அறியாத வணிகன் சிறு விலைக்கு விற்க, அறிந்தவன் ஒருவன் வாங்கினானாயின், விற்கப்பட்டதும் வாங்கப்பட்டதும் அந்நூலே. வாங்கியவன் பொய்யுரைத்து ஏமாற்றாதவரை அவ்வாணிகத்திற் குற்றமில்லை. ஆனால், அந்நூலின் ஏடுகளிடையே எவரோ மறந்து வைத்த பணத்தாள்கள் இருப்பின் நிலைமை வேறாகும். அவற்றை விற்க ஒருவரும் எண்ணியதில்லை. அவற்றுக்கு விலை குறித்ததுமில்லை.

சட்ட நூலாரும் இவ்வேறுபாட்டை நோக்கினர். இங்கிலாந்தில் 1841 ஆம் ஆண்டு தீர்க்கப்பட்ட மெறி எதிர் கிறீன் என்னும் வழக்கு, பொது ஏலத்தில் வாங்கப்பட்ட எழுதுமேசை ஒன்றைப் பற்றியது. வாங்கியவர் அதன் மறைவான இழுப்பறையிற் பணப்பையைக் கண்டு, பணத்தைத் தமதாக்கிக்கொண்டார். உள்ளிருப்பவையும் சேர்த்தே விற்கப்பட்டன என்று நம்புதற்கு நியாயமிருப்பின் அது களவாகாது. மேசையன்றிப் பிறிதொன்றும் விற்கப்பட்டதாக நம்ப ஏதுவின்றி எடுத்திருப்பின் களவாகலாம் என்பது நீதிபதிகள் வகுத்த நெறி.

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஏலத்தில் 50 டொலருக்கு விற்கப்பட்ட பழைய இரும்புப் பெட்டகத்தின் உள்ளறையில் 32,207 டொலர் இருந்தது. உள்ளறை பூட்டியிருத்தலை அறிவித்தே ஏலக்காரர் விற்றார். ஆதலின் உள்ளிருந்த பணமும் விற்பனையுள் அடங்கும் என அம்மாநிலத்தின் அதியுயர் நீதிமன்றம் 1981 இல் தீர்த்தது. முடிவுகள் மாறுபட்டுத் தோன்றினும், இருசாராரும் எதனை விற்று எதனை வாங்கக் கருதினர் என்பதே ஈரிடத்தும் அளவுகோலாயிற்று.

எனினும், சட்டம் தண்டியாது விடுவதெல்லாம் அறமாகிவிடாது. எருசலேம் தல்மூது என்னும் யூத நூல் சிமியோன் பென் ஷெட்டாக் என்னும் அறிஞரைப் பற்றிக் கூறுகின்றது. அவருக்காக மாணாக்கர் வாங்கி வந்த கழுதையில் முத்தொன்று தொங்கிற்று. ஆளி நார்த் தொழில் செய்து வருந்தியுழைத்த ஆசிரியருக்கு இனி உழைப்பு வேண்டாவென அவர்கள் மகிழ்ந்தனர். அவரோ, விற்றவன் அதனை அறிவானா என வினவினார். அறியான் என்றதும் முத்தைத் திருப்பிக் கொடுக்கச் செய்தார். அவ்வொரு வினாவிலே இவ்வறத்தின் முழுச் சாரமும் அடங்கியுள்ளது.

இன்னுமொன்று கருதத்தக்கது. பழம்பொருள் விற்பவன் எப்போதும் பழைய உடையவன் அல்லன். இறந்தார் வீட்டுத் தளபாடத்தைக் கடைக்காரன் மொத்தமாக வாங்கி விற்றிருப்பான்; இழுப்பறையிற் கிடந்த மோதிரம் அக்குடும்பத்துக் கைம்பெண்ணுடையதாகலாம். ஆதலின் கடைக்காரனிடம் கொடுத்துவிட்ட அளவில் கடமை தீர்ந்ததெனக் கொள்ளலாகாது. பொருள் வந்த வழியை வினவி உரியவரைத் தேடல் வேண்டும். முறையாகத் தேடியும் உரியவர் கிடையாராயின், பொருளைத் தானே வைத்துக்கொள்ளுதல் அறத்தின்பாற் குற்றமாகாது. தேடாது மறைத்தலே குற்றம்.

திருவள்ளுவர் கள்ளாமையோடு அமையாது, வெஃகாமைக்கும் தனியதிகாரம் வகுத்தமை நினைவுகூரத்தக்கது. கைசெய்யும் களவுக்கு முன்னே நெஞ்சு செய்யும் களவு நிகழ்கின்றது. ஒருவரும் காணாத இழுப்பறையைத் திறக்கும் கணமே ஒருவனது நேர்மையை அளந்தறியும் கணமாகும்.