பெயரில்லாச் சீவுளியைச் செய்தவர் யார்?

கிண்ணியாவில் தச்சுவேலை செய்யும் நண்பரொருவர், தன் வாப்பாவின் பழைய இரும்புச் சீவுளியை விற்கவென என்னிடம் கொண்டுவந்தார். உடலில் பெயரில்லை, அலகில் மட்டும் 'ஸ்டான்லி' என்றிருந்தது. அதற்கேற்ற விலையையும் எதிர்பார்த்தார்.

அலகு தேய்ந்தால் மாற்றப்படும், அது சாட்சியாகாது. அம்புக்குறி பொறித்திருந்தாலும் அது பிரித்தானிய அரசின் உடைமை என்பதற்கான அடையாளமே. திருகோணமலையில் 1957 வரை அவர்களின் கடற்படைத் தளம் இருந்ததல்லவா?

அலகையும் அதைத் தாங்கும் இரும்புத் துண்டையும் கழற்றித் துருவைத் துடையுங்கள். உடலில் 1902, 1910 ஆம் ஆண்டுகளின் அமெரிக்கக் காப்புரிமைத் திகதிகள் வார்க்கப்பட்டிருந்தால் அது ஸ்டான்லி. இல்லையேல், அத்துண்டு அமரும் இடத்தைப் பெயருள்ள சீவுளிகளோடு ஒப்பிடுங்கள். வார்ப்பு நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும்.

நண்பருடையதில் எதுவும் பொருந்தவில்லை. "அலகு ஸ்டான்லி, உடல் யாருடையதென்று தெரியாது" எனச் சொல்லியே விற்றார். விலை குறைவுதான். ஆனால், வாங்கியவர் பின்னர் இன்னொருவரையும் அவரிடம் அனுப்பிவைத்தார்.