பருவத்துக்கு முன்பே ஒரு பந்தயம்

அமெரிக்கப் பேஸ்பால் அணிகள் பருவம் தொடங்குமுன் இளவேனிலில் பயிற்சி முகாம் நடத்தி, வெற்றி தோல்வி கணக்கில் சேராத ஆட்டங்களில் வீரர்களைச் சோதிப்பதுபோல, இந்தியாவின் உள்நாட்டுக் கிரிக்கெட் போட்டியான ரஞ்சிக் கோப்பைக்கு முன்னோட்டமாகத் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் புச்சிபாபு போட்டியை நடத்துகிறது. தென்னிந்தியக் கிரிக்கெட்டின் தந்தை எனப்படும் புச்சிபாபு நாயுடுவின் (1868–1908) பெயர் தாங்கிய இப்போட்டி, இடைவெளிக்குப் பின் 2023-ல் மீண்டும் தொடங்கி, 2025-ல் சென்னையில் நடைபெற்றது.

காண வருவோர் ஆட்டம் தொடங்குமுன்பே வந்துவிட்டால், வலைப்பயிற்சி, அதாவது வலை கட்டிய தடுப்புக்குள் நடக்கும் மட்டைப் பயிற்சி, அருகிலேயே தெரியும். புதுப்பந்து காற்றில் வளையும் ‘ஸ்விங்’கை அறிய, பந்துவீச்சாளரின் கைக்கு நேர்ப்பின்னால் அமர்வதே சிறந்தது, ஆயினும் மட்டையாளருக்குப் பந்து தெளிவாகத் தெரிவதற்காக வைத்துள்ள வெண்திரைக்கு முன் நடமாடலாகாது. ஓட்டக் கணக்கைவிட, இளம் வீரரின் காலசைவையும் பொறுமையையும் கவனிப்பவரே, நாளைய நட்சத்திரத்தை இன்றே அடையாளம் காண்கிறார். போட்டி நடக்கும் ஆகஸ்டு மாத வெயிலுக்குத் தொப்பியும் தண்ணீரும், திடீர் மழைக்குக் குடையும் துணையாகும்.