சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மைக்

ஹைதராபாத் ரவீந்திர பாரதியிலோ, சிக்கடபள்ளி தியாகராய கான சபாவிலோ நல்ல கச்சேரி என்றால், ஆபீஸ் விட்ட கையோடு பஸ் பிடித்துப் போகும் தமிழன்பர்கள் பலர் உண்டு. அன்று மேடையில் பிறக்கும் தோடி ஆலாபனை அன்றைக்கு மட்டுமே உரியது. மறுநாள் அதே வித்வான் பாடினாலும் அது வேறு தோடிதான். அதைப் பிடித்து வைத்துக்கொள்ள ரசிகர் ஆசைப்படுவது இயல்பு.

நிமிடத்துக்கு 78 முறை சுழலும் பழைய இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று, மூன்றரை நிமிடம்தான் இடம். விரிவான ஆலாபனைக்கும் நிரவலுக்கும் அதில் வழியில்லை. ஜி.என். பாலசுப்பிரமணியம் 1965-லும், அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் 1967-லும், மதுரை மணி ஐயர் 1968-லும் மறைந்தார்கள். மேடையில் அவர்கள் பாடிய விதத்தை இன்றும் கேட்க முடிகிறதென்றால், அதற்கு வானொலியும், கனத்த டேப் ரெக்கார்டரைச் சுமந்து சென்ற ரசிகர்களுமே காரணம்.

அந்தச் சுமையைக் குறைத்தவை இரண்டு. 1962-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் கெர்ஹார்ட் செஸ்லர், ஜேம்ஸ் வெஸ்ட் இருவரும் எலக்ட்ரெட் மைக்கை உருவாக்கினார்கள். மின்னூட்டத்தை விடாமல் வைத்திருக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தகடே அதன் உயிர். அதனால் மைக் சட்டைப் பொத்தான் அளவுக்குச் சிறுத்தது. சின்ன பாட்டரியே போதுமானதாயிற்று. மறு ஆண்டு பிலிப்ஸ் கம்பெனியின் கேசட் வந்தது. 90 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 45 நிமிடம். பல்லவி நடுவே பக்கம் தீர்ந்தால், மாற்றிப் போடுவதற்குள் ஓர் ஆவர்த்தனம் போய்விடும்!

சின்ன மைக்குக்கு ஒரு குணம் உண்டு. அருகில் உள்ள சத்தத்தையே அது முதலில் வாங்கும். மின்விசிறியின் கீழ் உட்கார்ந்தால் காற்றுதான் பதிவாகும். பக்கத்திலிருப்பவர் தொடையில் போடும் தாளம் மிருதங்கத்தை மிஞ்சிவிடும். ஒலிபெருக்கிக்கு நேர் எதிரே அமர்ந்தால் குரல் கரகரக்கும். மைக் சிறிதானாலும் இடம் பார்த்துத்தான் உட்கார வேண்டும்.

இப்போது கைபேசிக்குள்ளேயே மிளகளவு மைக் இருக்கிறது. ஆனால் பாடுகிறவருக்கும் உரிமை உண்டு. 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994-ல் செய்த திருத்தம் அதைத் தந்தது. சொந்த உபயோகத்துக்குப் பதிவு செய்வது உரிமை மீறலாகாது என்கிறது சட்டம். அதைப் பிரதி எடுத்து விற்பதும், கலைஞரைக் கேட்காமல் ஊருக்கெல்லாம் பரப்புவதும் வேறு சங்கதி. தொண்டை ஒத்துழைக்காத ஒரு நாளின் பிசிறு ஊரெல்லாம் ஒலிப்பதை எந்த வித்வான் விரும்புவார்? சபாவிடமும் கலைஞரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுவிடுவதே மரியாதை.

பரணில் பழைய கேசட் கிடந்தால் ஈரமும் பூஞ்சையும் தின்பதற்குள் கம்ப்யூட்டரில் ஏற்றி வையுங்கள். தேதி, இடம், பக்கவாத்தியக்காரர் பெயர் ஆகியவற்றை மறக்காமல் குறித்து வையுங்கள். பெயர் எழுதாத நாடாவில் பாடகரைக் குரலால் கண்டுகொள்ளலாம். உடன் வாசித்த பிடில்காரரை யார் சொல்வது?